கோடிச் சேலையில் அரசாணிக்காய்

அடிப்பக்கம் ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுத்தா துணி சுருங்கி வாய் மூடிக்கணும், இது மூடாம நடுவுல ஒரு விரல் போற அளவுக்கு ஓட்டை விட்டுக்கிட்டு நிக்குது, பதிமூணு காய் ஒழுங்கா வந்துச்சு, பதினாலாவது மட்டும் அடம் பிடிக்குது, பிடிக்காம என்ன பண்ணும், துணிக்குத் தெரியாதா தான் என்ன துணின்னு. சீ, துணிக்கு என்னத்தைத் தெரியும், தெரிஞ்சது எனக்கு, எனக்கு மட்டும்தான். மணி ரெண்டேகால். இந்துஜா உள்ளே ஒருக்களிச்சுத் தூங்குறா, ஏழு மாச வயித்துக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. மாப்பிள்ளை சாப்பாடு வாங்கப் போயிருக்கார். அஞ்சு மணிக்கு வளைகாப்பு. அவகூட ஆபீஸ்ல வேலை செய்யற வெள்ளைக்காரப் பொண்ணுங்களும் வருதுங்க, நம்ம ஆளுங்களும் வராங்க, இங்க இப்போ இலையெல்லாம் நிறம் மாறி உதுர்ற காலம், அதனால வீடெல்லாம் அந்தக் கலர்ல இலையும் பம்ப்கினும் வச்சு அலங்காரம் பண்ணணும்னு ஆசைப்பட்டா. பம்ப்கின்னா பரங்கிக்காய், எங்க கரூர்ப் பக்கம் அரசாணிக்காய். பதினெட்டு காய், அறுபது இலை, எல்லாம் துணியில. இலையெல்லாம் நேத்தே தைச்சுச் சணல்ல கோத்து ஹால்ல உள் வாசப்படிக்கு மேல கட்டியாச்சு. அதுக்குக் கீழதான் நாற்காலி போட்டு எம்பொண்ணு உக்காரப் போறா. தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு தெரியாம. நாலு மணிக்கே சம்பந்தியம்மா வந்துருவாங்க, மூத்த மகன் வீட்டுல இருந்து, அலங்காரத்தை முதல்ல பாக்கணுமாம். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். அவங்க போட்ட சேலையும் இதுல இருக்கு, கடுகு மஞ்சள், பச்சைக் கோபுர பார்டர். அவங்க கையால என் தோள்ல போட்டது.

கோடிச் சேலைங்க. அதை நேராச் சொல்லக்கூட எனக்கு மனசுக்குள்ள நாக்கு வரமாட்டேங்குது. அவர் போன அன்னிக்கு, மாசி மாசம், அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி, பொறந்த வீடு, பங்காளி வீடு, சம்பந்தி வீடுன்னு ஆளாளுக்குக் கொண்டாந்து பொண்டாட்டிக்காரி தோள்மேல போத்துவாங்களே, அந்தச் சேலை. ஏழு சேர்ந்துச்சு. கட்டிக்கவும் மனசு வராது, தூக்கிப் போடவும் முடியாது, இன்னொருத்திக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டா. வீடு கூட்டற பொன்னாயிகிட்ட நீட்டுனேன், புதுசு, மடிப்புக்கூடக் கலையல. அவ ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டா, வேண்டாங்கம்மா, எனக்கு ஊட்டுக்காரர் இருக்காருங்கன்னா. நானும் அப்படித்தானே கையைக் கட்டியிருப்பேன், அவளைச் சொல்லி என்ன. பீரோவுல கெடந்துச்சு. இங்க வர்றதுக்குப் பெட்டி கட்டும்போது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலையும் பித்தளை அடுக்கையும் சுத்தறதுக்குத் துணி தேடுனேன், பழந்துணி போதல, இது கண்ணுல பட்டுச்சு. சுத்திட்டேன். பாட்டில் உடையாம வந்து சேர்ந்தாச் சரின்னு நெனச்சேன், அதுக்கு மேல ஒண்ணும் நெனக்கல. அங்க போயி பாட்டிலை எடுத்துட்டுத் துணியைக் குப்பைல போட்டுடலாம், அந்த ஊர்க் குப்பைக்கு என்ன தெரியும்னு ஒரு சின்னத் திருட்டு யோசனை இருந்துச்சு. இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

ஓட்டை மூடிக்கிச்சு. இப்போ பஞ்சு. பழைய தலையணை ரெண்டைப் பிரிச்சு வச்சிருக்கேன், அமுக்கி அமுக்கி உள்ள போடணும், கம்மியா போட்டா காய் தொங்கிப் போகும். பெட்டியைத் திறந்தது இந்துஜாதான். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அடுக்கையெல்லாம் எடுத்து வெளிய வச்சுட்டு, சேலைங்களைச் சன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பிடிச்சுட்டிருந்தா. ஆரஞ்சு, கடுகு மஞ்சள், துருக் கலர், செங்கல் கலர், காப்பிப் பொடி கலர், இன்னொண்ணு காஞ்ச புல்லு மாதிரி. துக்கத்துக்குச் சேலை எடுக்கப் போறவங்க இப்பல்லாம் வெள்ளையும் எடுக்கறதில்ல, பச்சை சிவப்புன்னு மங்களமாவும் எடுக்க மாட்டாங்க, ரெண்டுக்கும் நடுவுல மங்கலா இருக்கறதாப் பாத்து எடுப்பாங்க. அம்மா, இதெல்லாம் அப்படியே ஃபால் கலரும்மா, இலை உதுர்ற காலத்துக் கலர், சன்னலுக்கு வெளிய பாரேன்னா. பாத்தேன். மரமெல்லாம் அதே கலர்தான். நான் வாயைத் திறந்தேன், சாமி சத்தியமாத் திறந்தேன், அதைக் கீழ வை அம்மிணின்னு சொல்றதுக்குத்தான். அவ சிரிச்சா. போன வருசம் ஒண்ணு மூணு மாசத்துல தங்காமப் போச்சு, அதுக்கப்புறம் அப்பா போயிட்டார், விசா பேப்பர் மாத்தற நேரம், நாட்டை விட்டு வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னு வர முடியல, போன்லயே அழுதா, நான் இங்க வந்து இறங்கின அன்னிக்குக்கூட முகத்துல ஈ ஆடல. அந்த முகம் சிரிச்சுது. கடைல ஒரு துணிப் பம்ப்கின் பதினெட்டு டாலர் சொல்றாம்மா, அநியாயம்னா. நான் என்ன சொல்லணும்? என்ன சொன்னேன்? நான் தைச்சுத் தர்றேன் கண்ணு, செலவே இல்லாமன்னேன். செலவே இல்லாமன்னு அத்தனை பெருமையாச் சொன்னேன், வாய் கூசல.

ஏன் சொன்னேன்னும் தெரியும். என் கையால அவளுக்கு வளையல் போட முடியாது. போடும்மான்னுதான் அவ சொல்றா, முதல் வளையல் நீதான்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொல்றா, ஆனா நான் போட மாட்டேன், சம்பந்தியம்மா முகம் சுளிப்பாங்கன்னு இல்ல, எனக்கே பயம். ஒரு தடவை கலைஞ்ச வயிறு. நாளைக்கு ஒரு தலைவலின்னாலும் அந்தக் கைதான்னு நானே எங்கையைப் பாப்பேன். சரி, வளையல்தானே போடக் கூடாது, தோரணம் தைக்கலாம்ல, அலங்காரத்துல ஒரு கை இருக்கலாம்லன்னு ஒரு ஆசை. ஆசைக்கு ரோசம் ஏது? கை வைக்கப் பயந்தவ கோடித் துணியையே கொண்டாந்து தலைக்கு மேல கட்டியிருக்கேன். அடி கிறுக்கி. பெத்தவ பண்ற வேலையா இது? கேட்டா எவளாவது நம்புவாளா?

இழுத்த நூல் முடிச்சு விழுந்துருச்சு. பல்லால கடிச்சு அவுக்கணும், கத்தரி வச்சா மொத்தமும் பிரிஞ்சுடும். இந்தக் காயெல்லாம் தைக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில பத்தொன்பது வருசம் செக்கிங் டேபிள்ல நின்னவ நான். சித்திரை வைகாசி வெயில்ல, ஃபேன் சூடு காத்தை வாரி அடிக்க, மேசை விரிப்புல ஆரஞ்சுக் காயும் கைவிரல் மாதிரி விரிஞ்ச இலையுமா தைச்சுத் தைச்சு வரும். எதுக்குடி இந்த வெள்ளைக்காரனுங்களுக்கு அரசாணிக்காய் மேல இத்தனை ஆசைன்னு சிரிப்போம். பொரியல் பண்ணித் தின்னாம மேசைல வச்சுப் பாக்கறானுங்கன்னு பக்கத்து டேபிள் லோகமணி சொல்லுவா. அது இலை உதுர்ற காலத்துக்குன்னு சூப்பர்வைசருக்கே தெரியாது. எனக்கு வேலை, துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு தடவு. அவ்வளவுதான். பருத்தியா, கலந்ததா, நூல் தடிச்சிருக்கா, இழை விட்டிருக்கா, விரலே சொல்லிடும், கண்ணு அப்புறம்தான். பஸ்ல பக்கத்துல உக்காந்தவ முந்தானையைக்கூடத் தடவிப் பாத்துத் திட்டு வாங்கியிருக்கேன். அவர் சிரிப்பார். கல்யாண வீட்டுல ஆளோட முகத்தைப் பாக்க மாட்டா, துணியத்தான் பாப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவார். சொல்லட்டும், அதுல ஒண்ணும் இல்ல. அப்போ ஒண்ணும் இல்ல.

வேண்டாம், அதுக்குள்ள போகாதே. பஞ்சு போட்டாச்சு, மேல்பக்கம் ஓட்டுத் தையல், இழு, முடிச்சுப் போடு, சணலை எடுத்துச் சுத்தி ஆறு பள்ளம் இறக்கு, அப்போதான் காய் மாதிரி இருக்கும், காம்புக்கு, மாடிக்குக் கீழ மரத்தடியில பொறுக்குன குச்சி. காம்பு நிக்குது. நல்லாத்தான் இருக்கு, நல்லா இல்லன்னு யார் சொன்னா. பதினாலு காயும் வரிசையா உக்காந்து என்னைப் பாக்குது. நாலு காய்ல சம்பந்தியம்மாவோட கோபுர பார்டர் தெரியுது, நான்தான் பார்டர் வீணாகக் கூடாதுன்னு வயித்துப் பக்கம் வர்ற மாதிரி வெட்டுனேன், தைக்கறவ புத்தி, திருட்டு மறைக்கத் தெரியாத திருடி. அதைத் திருப்பி வச்சா? திருப்பி வச்சாலும் பின்னாடி வந்து பாப்பாங்க, அவங்களுக்குத் துணி கண்ணு உண்டு, நாமக்கல்ல அவங்க அண்ணன் ஜவுளிக் கடை. அங்கிருந்துதான் எடுத்திருப்பாங்க. பாத்த உடனே தெரிஞ்சுடும். தெரிஞ்சா கத்த மாட்டாங்க, நல்ல மனுசி, அதுதான் இன்னும் கஷ்டம். ஒண்ணும் சொல்லாம நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லுவாங்க. எம்பொண்ணு ஏன் அத்தைன்னு கேப்பா. அவங்க என்னைப் பாப்பாங்க. போதும், எனக்கு அந்த ஒரு பார்வை போதும். இப்பவே ஏணி போட்டுத் தோரணத்தை அவுத்துட்டா? அவுத்துட்டு எலி கடிச்சுடுச்சுன்னா? ஆறாவது மாடில ஏது எலி.

அன்னிக்கு. சரி வா, வராம விட மாட்டே. அன்னிக்கு நடு வீட்டுல அவர் படுத்திருக்கார், தாடையைக் கட்டியிருக்கு, மூக்குல பஞ்சு, ஊதுவத்திப் புகை கண்ணை எரிக்குது. நான் தலைமாட்டுல உக்காந்திருக்கேன். எங்க சென்னியப்பன் அண்ணன் அழுதுகிட்டே வந்தார், பொறந்த வீட்டுக் கோடிதான் முதல்ல போடணும், என் தோள்ல போத்துனார். மெரூன். முந்தானை முன்பக்கம் வந்து மடியில விழுந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் ஓன்னு சத்தம் போட்டாங்க. எங்கை போயி அந்த முந்தானையைப் பிடிச்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு, தடவிப் பாத்துச்சு. ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை. பார்டரைத் திருப்பிப் பின்பக்க இழையையும் பாத்துச்சு. பாத்துட்டு மனசு சொல்லுச்சு, பரவாயில்லையே, நல்லாத்தான் எடுத்திருக்கார்னு. புருசன் பொணம் எட்டுற தூரத்துல. முப்பத்தி மூணு வருசம் கூட வாழ்ந்தவர். நான் அழுதேன், இல்லன்னு சொல்லல, நெஞ்சு வலிக்க அழுதேன், ஆனா அழறதுக்கு நடுவுல தடவிப் பாத்தேன். யாரும் கவனிக்கல. கவனிச்சிருந்தா திட்டியிருப்பாங்க, திட்டு வாங்கித் தொலைச்சிருந்தா முடிஞ்சிருக்கும். யாரும் பாக்காததால அது எட்டு மாசமா எனக்குள்ளயே உக்காந்திருக்கு, தட்டுல சோத்தைப் பிசையும்போது இந்த ரெண்டு விரலையும் பாத்தா வெக்கமா இருக்கு. என்ன ஜென்மம் நான்? அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ? கண்ணை மூடிட்டாலும் காது கொஞ்ச நேரம் கேக்கும்னு சொல்லுவாங்க, விரல் தடவற சத்தம் கேக்குமா?

அந்த மெரூனை மட்டும் இந்துஜாகிட்ட நான் காட்டவே இல்ல. அது பெட்டியோட அடி ஜிப்புக்குள்ள இருந்துச்சு, அவ திறக்கல, நானும் எடுக்கல. மத்த ஆறையும் வெட்டுனேன். வெட்டும்போது, இதையும் சொல்லிடறேன், சந்தோசமா இருந்துச்சு. கத்தரி ஓடற சத்தமே சந்தோசமா இருந்துச்சு. ஆனா மெரூன் மேல கத்தரி வைக்கக் கை வரல. வச்சா வெட்டறதுக்கு முன்னாடி விரல் மறுபடி தடவும்னு தெரியும்.

பின்னாடி செருப்புச் சத்தம். எழுந்துட்டா. தலை கலைஞ்சு, கன்னத்துல தலையணைக் கோடு, ஒரு கை இடுப்புல. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம்ல சாமின்னேன். தூக்கம் வரலம்மா, உள்ள உதைச்சுக்கிட்டே இருக்குன்னு சொல்லிக்கிட்டு மேசைகிட்ட வந்து ஒவ்வொரு காயாத் தொட்டா. ஆரஞ்சைத் தொட்டா, துருக் கலரைத் தொட்டா, கோபுர பார்டர் போட்டதைக் கையில எடுத்து வச்சுக்கிட்டா. எனக்கு ஊசி வழுக்குது. இப்போ சொல்லிடணும், மணி மூணே கால், இப்போ சொன்னா அவுத்துடலாம், குங்குமம் வச்சுத் திருஷ்டி கழிச்சுடலாம், கண்ணு, இங்க பாருன்னு ஆரம்பிச்சேன்.

"ஆறு கலர்தான் இருக்கு" அப்படின்னா அவ. "மெரூன் எங்கம்மா?"

எந்த மெரூன்னு கேட்டேன்.

"சென்னியப்பன் மாமா போட்டது."

நான் ஊசியை மேசைல வைக்கறேன்னு கீழ போட்டுட்டேன். குனிஞ்சு தேடற மாதிரி குனிஞ்சுகிட்டேன், நிமிரத் தைரியம் இல்ல. அவ மெதுவா நாற்காலில உக்காந்தா. அன்னிக்கு எனக்கு வீடியோ கால் போட்டு, ஷோகேஸ் மேல போனைச் சாய்ச்சு வச்சுட்டுப் பிரபாச் சித்தி சொம்பு எடுக்கப் போனாங்கம்மா, திரும்ப வரவே இல்ல, நாலு மணி நேரம் அப்படியே இருந்துச்சு, நான் கட் பண்ணல, அப்பா முகம் தெரியல, கூட்டம் மறைச்சுடுச்சு, நீ மட்டும்தான் தெரிஞ்சேன்னா. ஏழு சேலையும் எண்ணுனேன், வேற என்ன பண்றது அங்க உக்காந்துட்டு. பெட்டியைத் திறந்த அன்னிக்கே தெரியும்னா. தெரிஞ்சுமா இதைத் தலைக்கு மேல கட்டச் சொன்னே, கோடித் துணிடி அது, உனக்குப் பயமில்லையான்னு கேட்டேன், கத்திட்டேன்னு நெனக்கறேன்.

"அன்னிக்கு நடந்ததுல எதையும் நான் தொடலம்மா. அப்பா காலைக்கூடத் தொடல. தொடக் கெடச்சது இது மட்டும்தான். நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, நானும் சொல்லல."

கையில இருந்த காயைப் புரட்டிப் புரட்டிப் பாத்தா. "மாமா போட்டதும் நீ தடவிப் பாத்தே" அப்படின்னா. எனக்கு முகத்தைக் கொண்டு போயி எங்க வைக்கறதுன்னு தெரியல. யாரும் பாக்கலன்னு நெனச்சது. எட்டு மாசம். இத்தனை கடலுக்கு இந்தப் பக்கம் உக்காந்து எம்பொண்ணு பாத்திருக்கா. கண்ணு, அது நானா வேணும்னு பண்ணல, கை தானாப் போச்சு, நான் அவரை நெனக்கலன்னு நெனச்சுக்காதேன்னு என்னென்னமோ சொன்னேன், சொல்லச் சொல்லக் கேவலமா இருந்துச்சு. அவ என் ரெண்டு விரலையும் பிடிச்சுக்கிட்டா.

"அது வரைக்கும் நீ ஆடாம அசையாம உக்காந்திருந்தே. கண்ணு சிமிட்டல. நெட் நின்னு போச்சோன்னு நெனச்சேன். அப்பாகூடவே நீயும் போயிடுவியோன்னு பயந்துட்டேன்மா. அப்புறம் தடவுனே. பின்பக்கம் திருப்பிப் பாத்தே. அப்பாடான்னு இருந்துச்சு. எங்கம்மா அங்கதான் இருக்கா, துணி பாக்கறான்னு." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "எட்டு மாசமாக் கேக்கணும்னு நெனச்சேன். என்ன துணிம்மா அது?"

"பாதி பாலியெஸ்டர்" அப்படின்னேன். "ஆனா நெசவு நல்ல நெசவு. பார்டர்ல ஒரு இழை விடல."

அவ சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டா, நானும் அழுதேன், அவருக்காக அழுதேன், இந்தத் தடவை நடுவுல வேற எதுவும் இல்ல. போயிக் கட்டிலுக்கு அடியில இருந்து பெட்டியை இழுத்து ஜிப்பைத் திறந்தேன். மெரூன் ஊறுகாய் வாசம் அடிச்சுது. இன்னும் நாலு காய் பாக்கி, நேரம் இருக்கு, முந்தானையை நாற்காலிக்குப் பின்னாடி விரிச்சுடலாம்மான்னு அவ ஹால்ல இருந்து சத்தம் போடறா. ஹாலுக்குக் கொண்டாந்து, விரிக்கறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பிடிச்சுத் தடவிப் பாத்தேன், அவ பாக்கப் பாக்க, ரெண்டு தடவை. அப்போ காலிங் பெல் அடிச்சுது. நாலு ஆகல, சம்பந்தியம்மா சீக்கிரம் வந்துட்டாங்க. அத்தை கேட்டா நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன்னு எழுந்திருக்கப் பாத்தா. நீ உக்காரு, தைச்சவ நான், நானே சொல்லிக்கறேன்னேன். ஒரு கையில கத்தரி, ஒரு கையில நூல் கண்டு, சேலையை எங்க வைக்கறதுன்னு தெரியாம அப்படியே தோள்ல போட்டுக்கிட்டுப் போயிக் கதவைத் திறந்தேன். அவங்க சிரிச்ச முகமா நின்னாங்க, தட்டு நிறைய வளையல். கண்ணு முதல்ல என் தோளுக்குப் போச்சு, அப்புறம் எனக்குப் பின்னாடி ஹால்ல தொங்கற தோரணத்துக்குப் போச்சு, சிரிப்பு நின்னுது.

"வாங்க சம்பந்தியம்மா" அப்படின்னேன். "உள்ள வர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."